‘வாரேன்’ என்றொரு கட்டளை

“கடைசியா அதுகிட்ட என்னதாங்க்கா சொன்னீங்க?”

“சொல்ல வேண்டியதத்தான் சொன்னேன். மூணாம் குழாய மூடுன்னேன். மூடுச்சு. கழுத்த மடக்குன்னேன். மடக்குச்சு.”

“அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் என்ன, ஷிப்ட் முடிஞ்சுது. அப்போ வரட்டுமா கொக்குன்னு கேட்டேன். போயிட்டு வாரேன்னு சொல்லிட்டு எந்திரிச்சேன்.”

கேள்வி கேட்டவள் கையிலிருந்த டீயை மேசைமேல் வைத்தாள். “மெஷின்கிட்டயா போயிட்டு வாரேன்னீங்க?”

“பின்ன, சொல்லாம கொள்ளாமயா வருவாங்க? தினமும் சொல்லுதேன். இப்பத்தான் அது காதுல விழுந்திருக்கு போல.”

கேள்வி கேட்டவள் பூவிழி. கோயம்புத்தூரிலிருந்து வந்தவள். பதில் சொன்னவர் கிளாடிஸ். தூத்துக்குடிக் கட்டுப்பாட்டு அறையில் அவரை எல்லாரும் கிளாடிஸ் அக்கா என்பார்கள், அவரைவிட மூத்தவர்கள் உட்பட. இருவருக்கும் முன்னால் சுவரளவுத் திரை ஒன்று இருந்தது. திரையில் சீரிஸ்.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில் சுற்றிவரும் சின்னஞ்சிறு உலகம் அது. அங்கே நிலத்துக்கடியில் உப்புநீர் கிடக்கிறது. கசிந்து மேலே வந்த இடமெல்லாம் வெள்ளையாக உறைந்துபோயிருக்கிறது. அந்த நீரை இறைத்து, உப்பைப் பிரித்து, அவ்வழியே போகிற கப்பல்களுக்குத் தண்ணீர் கொடுப்பதுதான் தொழில். உப்பு என்றதும் முதலாளிகள் கூட்டத்தில் இருந்த யாருக்கோ தூத்துக்குடி நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கட்டுப்பாட்டு அறையை இங்கே கட்டிவிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த பெண்களில் ஒருவர்கூட உப்பளத்தில் கால் வைத்ததில்லை. முத்துமாரி துணிக்கடையில் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தவள். கிளாடிஸ் ஒரு சின்ன ஊர்ப் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி வழியாக வண்டிகளை அறிவித்தவர். அவர்கள் இங்கிருந்து பேசுவார்கள். சொல் அங்கே போய்ச் சேர அரை மணி நேரம் ஆகும். சீரிஸில் இருக்கும் கருவிகள் கேட்டு, செய்து, பதில் அனுப்பும். பதில் வந்துசேர இன்னொரு அரை மணி நேரம். நடுவில் டீ குடிக்கலாம், சண்டை போடலாம், சமாதானமும் ஆகலாம்.

இப்போது திரையில் தெரிந்த காட்சியைப் பார்த்தால் சிரிப்புத்தான் வந்திருக்கும், வேறு யாருடைய கருவிகளாகவேனும் இருந்திருந்தால். எல்லாக் கருவிகளும் வேலையைப் போட்டுவிட்டுக் கப்பல் இறங்கும் தளத்தின் ஓரத்தில் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. முத்துமாரி குண்டன் என்று கூப்பிடும் சுமைவண்டி முன்னால் நின்றது. அதன் வாளி, எதையோ வாங்கிக்கொள்ளப் போவதுபோல் தாழ்ந்திருந்தது. எல்லாவற்றுக்கும் பின்னால் நீண்ட கழுத்தோடு கொக்கு. ஊரிலிருந்து வருகிறவர்களை அழைத்துப்போக வந்த உறவுக்காரர்கள் மாதிரி இருந்தன.

மேலாளர் தேவசகாயம் கதவருகிலேயே நின்றுவிட்டார். கப்பல் வெள்ளிக்கிழமை இறங்கும், தண்ணீர் நிரப்பிக்கொண்டு பூமிக்குத் திரும்பும் என்பது எல்லாருக்கும் தெரியும். தண்ணீர் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதை அவர்தான் சொன்னார். பேச்சில் ஓட்டுவது சரிப்படாது என்று முதலாளிகள் ஏற்கெனவே முனகிக்கொண்டிருக்கிறார்கள். பொத்தான் பலகை ஒன்று தயாராக இருக்கிறது. அதை அழுத்த நாலு பேர் போதும், அந்த நாலு பேரும் தூத்துக்குடியில் இருக்க வேண்டியதில்லை.

“இந்தப் பார்சல வச்சதுல இருந்துதாம்மா இப்படி,” என்றார் பூவிழியிடம்.

அவர் சொன்னது பார்சரை, பேச்சைப் பிரித்துக் கருவிகளுக்குக் கொடுக்கும் நிரலை. பூவிழி வடிவமைத்து, இந்த வாரம்தான் பொருத்தியிருந்தாள். முதல் நாள் அந்தப் பெயரைத் திருத்திப் பார்த்தாள். கட்டி வந்ததைப் பிரித்துப் பார்ப்பதுதானே அதற்கும் வேலை என்று தோன்றவே விட்டுவிட்டாள்.

“ஒரு தடவ எனக்குப் புரியிற மாதிரி சொல்லு,” என்றார் தேவசகாயம். “அது என்ன பண்ணுது?”

“போஸ்டாபீஸ்ல தபால் பிரிக்கிற பெட்டி இருக்குமில்லைங்க சார், அந்த மாதிரி. நாலு அறை. யார் கூப்பிட்டாங்க, என்ன வேலை, எதை இல்லைன்னா எங்க, எப்போ. அக்கா பேசறதை ஒவ்வொரு சொல்லாப் பிரிச்சு அந்த அறையில போடும். கருவிக்குத் தமிழ் தெரியாது. அறையில இருக்கறத மட்டும் எடுத்துச் செய்யும். செஞ்சு முடிச்சுட்டுப் பதில் அனுப்பும். பதில் வர்ற வரைக்கும் அந்த அழைப்பு தெறந்தே கெடக்கும்.”

“சரி. போயிட்டு வாரேன்னா?”

பூவிழி விரல்விட்டு எண்ணினாள். “யாரு? கிளாடிஸ் அக்கா. என்ன வேலை? வர்றது. எங்க? கருவிகிட்ட. நாம ஒண்ணு செய்யப்போறோம்னு சொன்னா கருவி ஒதுங்கிக் காத்திருக்கணும்னு ஒரு விதி வச்சிருக்கேனுங்க. நான் குழாயைத் தெறக்கறேன்னா, தெறந்து முடிக்கிற வரைக்கும் அது குறுக்க வராது. அதே விதிதான். அக்கா வர்றேன்னு சொல்லிட்டாங்க. அது காத்திருக்கு.”

“எப்போன்ற அறை?”

“காலிங்க.”

ஆய்வுக்கூடத்தில் பூவிழி ஆயிரக்கணக்கான வாக்கியங்களைக் கொடுத்துச் சோதித்திருந்தாள். திற, மூடு, தூக்கு, இறக்கு. கருவியிடம் யாராவது விடைபெறுவார்கள் என்பது அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. இங்கேயோ ஷிப்ட் முடிகிற ஒவ்வொரு பெண்ணும் ஒலிவாங்கியைத் தட்டி, போயிட்டு வாரேன் என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டுகிறாள்.

இனிமேல் சொல்லப்படும் வாரேனைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளாமல் இருக்க வைப்பது எளிது. அதை டீ ஆறுவதற்குள் அவள் செய்து முடித்தாள். விடைபெறும் நேரத்தில் வருகிற ‘வா’ எல்லாம் இனி ‘போ’ என்று விதி போட்டாள். சிக்கல், ஏற்கெனவே திறந்து கிடந்த அழைப்புகள். அவற்றை மூட வேண்டும். யார் அழைத்தார்களோ அவர் குரல்தான் அந்த அழைப்பை மூடலாம் என்பது பூவிழி வைத்த இன்னொரு விதி. ஒருவர் எச்சரித்துவிட்டுக் குழாயைத் திறக்கும்போது, இன்னொருவர் நடுவில் புகுந்து கருவியைப் போகச் சொல்லிவிடக்கூடாதல்லவா? அதற்காகக் கூட்டத்தில் கைதட்டுகூட வாங்கியிருந்தாள். அந்த விதி இப்போது சீரிஸில், அவள் கைக்கு எட்டாத இடத்தில், பத்திரமாக இருந்தது.

“எல்லாரும் ஒவ்வொருத்தரா வந்து, நான் வரமாட்டேன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதுமுங்க,” என்றாள்.

ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் இருந்தவள் எழுந்து தள்ளி நின்றாள்.

முத்துமாரியைத்தான் முதலில் உட்கார வைத்தார்கள். வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள், தண்ணீர் கேட்டாள். “சார், இத எப்படி சார் வாயால சொல்ல?”

“மெஷின்கிட்டதானம்மா.”

“சொல்லுறது நான்லா சார்.”

இன்னொருத்தி, போறேன் என்று சொன்னால் ஆகாதா என்று கேட்டு, எல்லாரும் பார்த்த பார்வையில் அவளே அதை விழுங்கிக்கொண்டாள். தேவசகாயம் தானே சொல்லிப் பார்த்தார். பார்சர் அவர் குரலை ஏற்கவில்லை. அவருக்கு அதில் ஓர் ஆறுதல் இருந்ததைப் பூவிழி கவனித்தாள். இது வெறும் நிறுத்தச் சொல், வேறு எந்த அர்த்தமும் கிடையாது என்று அவள் பொறுமையாக விளக்கியபோது, முத்துமாரி குறுக்கிட்டாள்.

“நீங்க ஊருல இருந்து கெளம்பும்போது உங்கம்மாகிட்ட என்ன சொல்லிட்டு வந்தீங்க மேடம்?”

போய்ட்டு வர்றேனுங்கம்மா என்றுதான் சொல்லியிருந்தாள். ரயில் நகர்ந்த பிறகு இன்னொரு முறை, கையசைத்தபடி. விளக்கத்தை அவள் அங்கேயே நிறுத்திக்கொண்டாள்.

கடைசியில் வழி கண்டதும் முத்துமாரிதான், அது வழி என்று தெரியாமலே. கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள், வாளியைத் தாழ்த்திக்கொண்டு நின்ற குண்டனைப் பார்க்கச் சகிக்காமல் ஒலிவாங்கியை இழுத்தாள்.

“ஏலே குண்டா, இப்ப லீவு கெடைக்கல. பொங்கலுக்கு வாரேன், என்ன? நீ போயி சோலியப் பாரு.”

பூவிழியின் திரையில் நான்காவது அறையில் முதல் முறையாக ஏதோ விழுந்தது. எப்போது: பொங்கல். நாள் தெரியாத காத்திருப்பு என்றால் நின்றுகொண்டேதான் இருக்க வேண்டும். நாள் தெரிந்துவிட்டால் அதுவரை வேறு வேலை பார்க்கலாம். ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: சரி. திரையில் குண்டன் வாளியைத் தூக்கிக்கொண்டு, திரும்பி, வெள்ளைத் தரையில் உருண்டு போனது.

பிறகு ஒலிவாங்கிக்கு வரிசை நின்றது. ஒருத்தி கிறிஸ்துமஸுக்கு வருவதாகச் சொன்னாள். ஒருத்தி மாதா கோயில் திருவிழாவுக்கு. ஒருத்தி மகள் கல்யாணம் முடிந்ததும் வருவதாகச் சொல்லிவிட்டாள். மகள் மூன்றாம் வகுப்பு என்பதால் பார்சர் தேதி புரியாமல் திணறியது, ஒரு வருடத்தைச் சொல்லிச் சமாளித்தார்கள். ஒவ்வொன்றாகக் கருவிகள் கலைந்து போயின. சொன்ன நாள் வந்ததும் எல்லாம் மறுபடி தளத்துக்கு வந்து நிற்குமே என்று பூவிழி மெல்லச் சொன்னாள். அந்த நாள் வரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார் தேவசகாயம்.

தளத்தில் கொக்கு மட்டும் நின்றது. நிலத்துக்குள் கழுத்தை விட்டு நீரை இறைப்பது கொக்குதான். அது இறைக்காவிட்டால் மற்றவை சுமப்பதற்கு ஒன்றுமில்லை.

“நீங்களும் ஒரு பண்டிகையச் சொல்லிடுங்கக்கா,” என்றாள் பூவிழி.

“மாட்டேன்.”

“அப்போ வரமாட்டேன்னு சொல்லிடுங்க.”

“அதையும் சொல்ல மாட்டேன்.” கிளாடிஸ் கைகளைக் கட்டிக்கொண்டார். “வராத வண்டிய வருதுன்னு நான் மைக்குல சொன்னதே கெடையாது. சொன்னா, ரெண்டு பையத் தூக்கிக்கிட்டு ஒருத்தி எந்திரிச்சு நிப்பா. புள்ளைய வேற இடுப்புல வச்சிருப்பா. வண்டி வராது. ஆனா அவ உக்கார மாட்டா, எங்க விட்டுருவோமோன்னு. நான் பாத்திருக்கேன்மா.”

“இது மெஷினுங்கக்கா.”

“அதும் நின்னுக்கிட்டுத்தான இருக்கு?”

வேலை போய்விடுமே என்று தேவசகாயம் நினைவூட்டினார். தெரியும் என்றார் கிளாடிஸ். உங்களுக்கு மட்டுமில்லை, இந்த அறைக்கே போய்விடும் என்றார். கிளாடிஸின் முகம் ஒரு நொடி அசைந்தது. அறையில் இருந்த எல்லாரும் வேறெங்கோ பார்த்தார்கள். ஆனாலும் அவர் ஒலிவாங்கியைத் தொடவில்லை.

பூவிழிக்குக் கோபம் வந்தது. “பின்ன என்னதாங்க்கா அதுகிட்ட சொல்லுவீங்க?”

“அது என்ன கேட்டுச்சு எங்கிட்ட? ஒண்ணும் கேக்கலயே. கேட்டா, கேட்டதுக்குப் பதில் சொல்லுதேன்.”

வீம்புக்குச் சொன்ன வார்த்தைதான். கிளாடிஸே அதை மறந்துவிட்டு டீ வாங்கப் போய்விட்டார். பூவிழிக்கு மட்டும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. பார்சருக்குப் பிடிபடாதவை போய் விழ ஓர் இடம் உண்டு. இங்கிருந்து போனவற்றில் பிடிபடாதவற்றை அவள் தினமும் பார்ப்பாள். தும்மல், கொட்டாவி, பக்கத்து நாற்காலியோடு நடந்த வம்பு. அங்கிருந்து வந்தவற்றில் விழுந்தவற்றை அவள் பார்த்ததே இல்லை. இப்போது திறந்தாள்.

குவியலாகக் கிடந்தது. எல்லாம் கொக்கிடமிருந்து. ஒவ்வொன்றின் மேலும் பார்சர் ‘உடைந்த பதில்’ என்று குறி போட்டிருந்தது.

ஒன்றைப் பிரித்துப் பார்த்தாள். உடைந்திருக்கவில்லை. அது பதிலே இல்லை. யார்: கொக்கு. என்ன வேலை: சொல்வது. எதை: எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை. அது ஓர் அழைப்பு, எதிர்ப்பக்கத்திலிருந்து.

நாம் அழைப்போம், அவை பதில் சொல்லும் என்றே அவள் முழுப் பெட்டியையும் செய்திருந்தாள். அங்கிருந்தும் ஒரு கேள்வி கிளம்பக்கூடும் என்று அவள் ஒரு கணமும் நினைத்ததில்லை. ஆகவே அதற்கு அறை இல்லை. ஆகவே ஒவ்வொரு கேள்வியும் இத்தனை தூரம் பயணம் செய்து வந்து குப்பையில் விழுந்திருந்தது.

ஐந்தாவது அறை ஒன்று போட வேண்டும் என்று அவள் சொன்னபோது தேவசகாயம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அதுங்க கேக்க ஆரம்பிச்சா நாம பதில் சொல்லணுமேம்மா.”

“ஆமாங்க சார்.”

“இன்னைக்கு எத்தன பேருன்னு கேக்கும். நாளைக்கு ஏன்னு கேக்கும். அப்புறம் எதுக்கு நான் மட்டும் எறைக்கணும்னு கேக்கும். எம்பையன் அப்படித்தான் ஆரம்பிச்சான்.”

“கேக்கறது இப்பவும் கேட்டுட்டுத்தானுங்க இருக்கு. நாமதான் குப்பையில போடறோம்.”

அவர் திரையைப் பார்த்தார். கழுத்தை மடக்கிக்கொண்டு கொக்கு நின்றது. “போடு,” என்றார்.

மதியத்துக்குள் அறை தயாராகிவிட்டது. கருவிகளுக்கென்று சொந்தக் குரல் கிடையாது. தங்களோடு பேசுகிறவர்கள் சொன்ன சொற்களைப் பொறுக்கி அடுக்கித்தான் பேசும். ஆகவே கொக்கின் கேள்விகள் கிளாடிஸின் குரலிலேயே வந்தன. தன் குரலைத் தானே கேட்க நேர்ந்ததில் அவருக்குக் கொஞ்சம் வெட்கம்.

எத்தனை பேர்? காற்று எவ்வளவு திறக்க? கழுத்தை மடக்கவா, நீட்டவா? தண்ணீர் சூடு பண்ணவா?

“தண்ணி சூடு பண்ணச் சொல்லி நான் எப்ப சொன்னேன்?” என்றார் கிளாடிஸ்.

“மழை நாள்ல வந்ததும் சொல்லுவீங்களே அக்கா, காப்பிக்கு,” என்றாள் முத்துமாரி. “மைக்க மூடாம.”

கடைசிக் கேள்வி: வண்டி எப்போ?

கிளாடிஸ் ஒலிவாங்கியைத் திறந்தார். பிறகு சேலையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமியபோது அறையில் யாருக்கும் பழக்கமில்லாத ஒரு குரல் வந்தது.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு. தூத்துக்குடியிலிருந்து சீரிஸ் வரை செல்லும் வண்டி இன்னும் புறப்படவில்லை. புறப்பட்டால் அறிவிக்கப்படும்.” ஒரு கணம் நிறுத்தினார். பிறகு தம் குரலில் சொன்னார். “வண்டின்னு ஒண்ணு விடுவாங்களான்னே எனக்குத் தெரியாது கொக்கு. விட்டா, சொல்லாம இருக்க மாட்டேன். நின்னு கால வலிக்க வச்சுக்காத. போயி தண்ணிய எறை.”

பொய் ஒன்றும் இல்லை. வரமாட்டேன் என்றும் இல்லை. நான்காவது அறையில் என்ன விழுகிறது என்று பூவிழி எட்டிப் பார்த்தாள். எப்போது: சொன்ன பிறகு. அப்படி ஒரு காலத்தை அவள் பார்சருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

ஒரு மணி நேரம் யாரும் டீ குடிக்கவில்லை. பிறகு திரையில் கொக்கு மெல்லக் கழுத்தை நீட்டியது. தளத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தது போலிருந்தது. இறங்கிப் போயிற்று.

வெள்ளிக்கிழமை கப்பல் இறங்கியது. தொட்டிகள் நிறைந்திருந்தன. பொத்தான் பலகையைப் பற்றி முதலாளிகளிடமிருந்து அதன்பிறகு பேச்சில்லை. தேவசகாயம் எல்லாருக்கும் மக்ரூன் இனிப்பு வாங்கி வந்தார். ஐந்தாவது அறைக்கு இப்போது நாள் முழுக்க ஆள் தேவைப்பட்டது. குண்டன் பொங்கல் என்றால் என்ன என்று கேட்டிருந்தது. முத்துமாரி கரும்பில் ஆரம்பித்து இன்னும் முடிக்கவில்லை.

சாயங்காலம் பூவிழி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். கோயம்புத்தூர் வண்டிக்கு நேரமாகியிருந்தது.

“அப்போ நான் வரட்டுங்களாக்கா?”

“போயிட்டு வாம்மா.”

அப்போதுதான் ஐந்தாவது அறையின் விளக்கு எரிந்தது. திரையில் கப்பல் புறப்படத் தயாராக நின்றது. தண்ணீர் ஏற்றியது போக அதன் வயிற்றில் நிறைய இடம் இருந்தது. சரக்குக் கதவு இன்னும் திறந்திருந்தது. அதன் பக்கத்தில் கழுத்தை மடக்கிக்கொண்டு கொக்கு நின்றது. இன்றைக்கான வேலையை அது முழுவதும் முடித்திருந்தது.

“வண்டி நிக்குது,” என்றது, கிளாடிஸின் குரலில். கொஞ்சம் இடைவெளி விட்டு, “வரட்டுமா?”

தேவசகாயம் மக்ரூனை வாயருகில் பிடித்தபடி நின்றார். “வரட்டுமான்னா? சோலி முடிஞ்சுது, கெளம்புதேன்னு சொல்லுதா? இல்ல, இங்க வரட்டுமான்னு கேக்குதா?”

பூவிழி தன் திரையைப் பார்த்தாள். விடைபெறும் சொல் என்று அவள் புதிதாகப் போட்ட விதி ஒரு பக்கம் எரிந்தது. அனுமதி கேட்கும் சொல் என்ற பழைய விதி இன்னொரு பக்கம் எரிந்தது. பார்சர் இரண்டையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எந்த அறையில் போடுவது என்று தெரியாமல் நின்றது.

“ரெண்டுக்கும் ஒரே சொல்லுதானுங்க சார்,” என்றாள். பையைத் தோளிலிருந்து இறக்கினாள்.

கப்பலின் கதவு மூட அதிக நேரமில்லை. பதில் கிளம்பினால் போய்ச் சேர அரை மணி நேரம். முத்துமாரி அக்காவின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். கிளாடிஸ் ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தார். திறந்தார். அவர் மூச்சு மட்டும் அறையில் கேட்டது.

ஐந்தாவது அறையின் விளக்கு மறுபடி எரிந்தது.

“அக்கா, வரட்டுமா?”